அடிப்பலகையில் இருந்த பெயர்கள்

1

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நான் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மன்னாரிலிருந்து தம்பி அல்பிரட்டின் அழைப்பு வந்துவிடும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன அண்ணை, லண்டன் புதினம்?" இருபது வருடமாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன். குளிர். வேலை. ஷெரின் படிக்கிறாள். போன கிழமை மட்டும், "ஒரு விளையாட்டு மெஷின் திருத்தினன், அதில ஒரு பெரிய பிழை விட்டிட்டன்" என்றேன். "அறுபத்தைஞ்சு வயசில உங்களுக்கு என்ன விளையாட்டு" என்று அவன் சிரித்தான். தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையாக அது இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மெஷினைப் பற்றி. பின்பால் மேசை என்று இங்கே சொல்வார்கள். நாலு இரும்புக் காலில் நிற்கும் நீளமான மரப்பெட்டி, மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் சாய்வான பலகை. ஸ்பிரிங் பிடியை இழுத்துவிட்டால் ஒரு இரும்புக் குண்டு ஓடிப்போய், பலகையில் நிற்கும் குமிழ்களில் மோதி மோதிக் கீழே உருண்டு வரும். அது குழியில் விழுந்துவிடாமல், பக்கத்துப் பொத்தான்களை அமுக்கி இரண்டு சின்னத் தட்டிகளால் திரும்ப மேலே அடித்து அனுப்ப வேண்டும். பெட்டியின் தலைமாட்டில் படம் வரைந்த ஒரு கண்ணாடி நிமிர்ந்து நிற்கும். புள்ளிகள் அதில் தெரியும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஜேர்மனியில் இதற்குப் பெயர் பிளிப்பர். அகதி விடுதியில், வேலை செய்யவும் அனுமதியில்லாமல், அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதியில்லாமல் கிடந்த நாட்களில், பக்கத்து மதுக்கடையில் ஒன்று நின்றது. நான் விளையாடியது குறைவு, பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அதிகம். நிறையப் புள்ளி எடுத்தவனுக்கு ஒரு ஆட்டம் இலவசமாகக் கிடைக்கும். அப்போது பெட்டிக்குள்ளே இருந்து "டொக்" என்று ஒரு சத்தம் வரும், யாரோ கதவில் தட்டுவது போல. கடையில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்காத காலம் அது. அந்தச் சத்தம் எனக்கு விழுந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அன்றைக்கு விடுதிக்கு நடந்துபோன நடை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2

ஷெரின் எங்களின் ஒரே பிள்ளை. மருந்தாளர் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, பொருட்களை வடிவமைக்கிற படிப்புக்குப் போனவள். அதை அவள் வந்து சொன்ன அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கதிரை மேசை கீறிப் பழகவோ நாங்கள் ரெண்டு நாடு தாண்டி வந்தனாங்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நாளில் அவள் ஹவுன்ஸ்லோவில் சிநேகிதிகளோடு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஈஸ்ட் ஹாமில் இருந்து பார்த்தால் ஹவுன்ஸ்லோ லண்டனின் மறுமுனைத் தொங்கல். கிறிஸ்மசுக்கு வருவாள், பெரிய வெள்ளிக்கு வருவாள். தாயோடு குசினிக்குள் நின்று கதைப்பாள். எனக்கு ஒரு "ஹாய் அப்பா", ஒரு "பை அப்பா". நடுவில் இருக்க வேண்டியது எல்லாம் காணாமல் போயிருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் என் கைத்தொலைபேசியில் அவளுடைய பெயர் தெரிந்தது. தாய்க்கு எடுக்கப் போய் மாறி எனக்கு எடுத்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன்.

"அப்பா, ஆர் யூ பிஸி?"

ஹவுன்ஸ்லோவில் மூடப்போகிற ஒரு பப்பில் பின்பால் மேசை ஒன்று செத்துப்போய்க் கிடக்கிறதாம். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிறார்களாம். கடைசி வருடத்துக்கு ஒரு பொருளை எடுத்து, அதை யார் யோசித்தார்கள், யார் வரைந்தார்கள், யார் செய்தார்கள் என்று முழு வரலாறும் எழுத வேண்டும். அவள் அந்த மேசையைத் தெரிவு செய்திருக்கிறாள். ஜூன் மாதக் கண்காட்சியில் எழுத்துக்குப் பக்கத்தில் மேசையும் ஓட வேண்டும். கேட்ட இடமெல்லாம் திருத்த ஆளில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இவ்வளவையும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னாள்.

"கொண்டு வா" என்றேன். திருத்த முடியுமா முடியாதா என்று யோசிக்கக்கூட இல்லை. எனக்குத் தொழில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் திருத்துவது. பின்வளவில் ஒரு கொட்டில் இருக்கிறது. அதில் நின்ற மூன்று மெஷினை மழைக்குள் தள்ளிவிட்டு இந்த மேசைக்கு இடம் செய்தேன். என் மனைவி றெஜினா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். "கதிரை மேசை எண்டு ஏசின ஆள், இப்ப மேசைக்கு மாளிகை கட்டுறார்" என்றாள்.

3

சிக்காகோவில் ஒரு தொழிற்சாலையில் செய்த மேசை அது. எழுபதுகளில் செய்தது. தலைமாட்டுக் கண்ணாடியில் பனிமலையில் சறுக்கி வரும் மூன்று பெண்கள், மூன்று பேருக்கும் குளிர் என்றால் என்னவென்று தெரியாத குட்டைச் சட்டை. காசு போடுகிற வாயைக் கழற்றிப் பார்த்தால் இங்கிலாந்துக் காசுக்கான தகட்டுக்கு அடியில் ஜேர்மன் மார்க்குக்கான பழைய தகடு. அதுவும் எங்களைப் போல ஜேர்மனியில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுத்தான் லண்டனுக்கு வந்திருக்கிறது. எங்களுக்கு இங்கே தங்குவதற்கு எத்தனை படிவம் நிரப்ப வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு தகட்டை மாற்றினால் போதுமாக இருந்திருக்கிறது.

ஆனால் உள்ளே திறந்து பார்த்தபோது எனக்கு வாயடைத்துப் போய்விட்டது.

அதில் கம்ப்யூட்டர் இல்லை. ஒரு சின்ன மின்னணுச் சிப்கூட இல்லை. இருந்தாலும் எத்தனை பேர் விளையாடுகிறார்கள், இப்போது யாருடைய முறை, எத்தனையாவது குண்டு, எந்த விளக்கை எப்போது எரிக்க வேண்டும், எல்லாம் அதற்குத் தெரியும். எப்படி? நூறு நூறாக, புள்ளி காட்டுகிற சில்லுச் சக்கரத்தைத் திருப்ப மட்டுந்தான் அதால் முடியும். ஐந்நூறு புள்ளி என்றால் ஒரு மோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும். அதில் உள்ள பற்கள் வரிசையாக ஐந்து தரம் சுவிட்சை அமுக்கும். ஐந்து தரம் மணி அடிக்கும். அது எண்ணுகிற சத்தத்தைக் காதாலேயே கேட்கலாம். மேசையை ஆட்டிக் களவாக விளையாடினால் பிடிப்பதற்கு, மேசன்மார் பாவிக்கிற தூக்குக்குண்டு போல ஒன்று ஒரு வளையத்துக்கு நடுவில் தொங்குகிறது. ஆட்டினால் அது வளையத்தில் முட்டும், ஆட்டம் அதோடு முடிந்துவிடும். ஒருவன் இதை எல்லாம் இருந்து யோசித்திருக்கிறானே என்று நான் கையில் சுத்தியலோடு நின்றுகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமைகளில் ஷெரின் வரத் தொடங்கினாள். நான் உள்ளே தலையை விட்டு வேலை செய்ய, அவள் வெளியே நின்று கண்டுபிடித்ததைச் சொல்லுவாள். வடிவமைத்தவர் முதலில் கடதாசியில் குண்டு ஓடும் பாதைகளைக் கீறுவாராம். பிறகு வர்ணம் பூசாத வெள்ளைப் பலகை ஒன்றில் ஆணி அடித்து, குமிழ் பூட்டி, கந்தோரில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு விளையாடவிடுவாராம். அவர்களுக்கு அலுப்புத் தட்டினால் ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிப்பார். கைகள் தாமாகத் திரும்பத் திரும்பப் பொத்தானைத் தேடுகிற வரைக்கும் இது நடக்குமாம். கண்ணாடிப் படத்தை வேறொருவர் வரைவார். அதைக் கண்ணாடியின் பின்பக்கத்தில், ஒவ்வொரு நிறமாக, முன்னுக்குத் தெரிய வேண்டியதை முதலில் அச்சடிப்பார்கள். எழுத்துக்கூட இடம்வலம் மாறித்தான் அடிக்க வேண்டும். செய்து முடித்த ஒவ்வொரு மேசையையும் வாசலை விட்டு அனுப்ப முதல் ஒரு ஆள் உண்மையாகவே விளையாடிப் பார்ப்பாராம்.

"அதுக்கும் சம்பளமோ?" என்று கேட்டேன்.

"யெஸ் அப்பா, தட் வாஸ் ஹிஸ் ஜொப்."

"நான் பிழையான தொழிலுக்கு வந்திட்டன்."

அவள் சிரித்தாள். என்னுடைய பகிடிக்கு அவள் சிரித்து எத்தனையோ காலம். நான் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் கண் கலங்கினது தெரிந்திருக்கும்.

வடிவமைத்தவரின் பெயரும் ஓவியரின் பெயரும் மேசையில் ஓரிடத்திலும் இல்லை. அந்தக் காலத்தில் போடமாட்டார்களாம். பழைய தாள்களில் தேடி அவற்றை ஷெரின் பிடித்துவிட்டாள். வயர் வேலை செய்தவர்கள் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அது பெண்கள் செய்த வேலை என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வயர்ப் படத்தாளை விரித்தால் எங்கள் கட்டிலை மூடும். அவள் அதில் ஆங்கிலத்தை வாசிப்பாள். நான் ஜேர்மனியில் தொழில் பழகினவன், கருவிகளின் பெயர் எனக்கு இன்னும் ஜேர்மன் மொழியில்தான் வாயில் வரும். நான் கேட்டதை அவள் எடுத்துத் தருவதற்குள் மூன்று மொழி போய்வரும். ஆனாலும் வேலை நடந்தது.

4

ஜூன் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்தது. எல்லாச் சுவிட்சையும் கடதாசித் துண்டால் துடைத்தாயிற்று, கம்பி சுற்றிய கொயில்களைச் சோதித்தாயிற்று, மேசை அசைகிறதாக இல்லை. ஒரு வியாழக்கிழமை, கடைசியாக, பெட்டிக்குள் கீழே மோட்டர் பூட்டியிருக்கும் பலகையை முழுதாகக் கழற்றி வெளியே எடுத்தேன். அதன் பின்பக்கச் சுவிட்ச் ஒன்றின் இரண்டு நாக்குகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஒரு தாள் போகிற இடைவெளி. இடுக்கியால் மெல்ல வளைத்தேன். இவ்வளவு பெரிய மேசை அந்த ஒரு தாள் இடைவெளியால் இத்தனை வருடம் செத்துக் கிடந்திருக்கிறது.

பலகையைத் திரும்ப வைக்க முதல் பெட்டியின் அடியைப் பார்த்தேன். தூசு, எலிப் புழுக்கை, எண்ணெய்க் கறை, ஏதோ பென்சில் கிறுக்கல். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அயல்வீட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கினதைவிட மினுக்கித்தான் கொடுப்போம். நான் திருத்திக் கொடுக்கிற மெஷின் எல்லாம் உள்ளும் புறமும் துடைத்துத்தான் போகும். முன்பின் தெரியாத சனத்துக்கே அப்படிச் செய்கிறவன், மகளின் சாமானை அழுக்கோடு கொடுப்பேனா? ஸ்பிரிட்டும் துணியும் எடுத்து, முழங்காலில் நின்று, அடிப்பலகையை மரத்தின் நிறம் தெரியும் வரை தேய்த்தேன். மூலையில் ஒரு அந்தோனியார் படமும் ஒட்டினேன்.

சனிக்கிழமை ஷெரின் வந்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் எல்லாம் எரிந்தன. புள்ளிச் சில்லுகள் கடகடவென்று சுழன்று சைபரில் வந்து நின்றன. குண்டு தானாக எழும்பி வந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அரை மணித்தியாலம் விளையாடினோம். "டொக்" என்று சத்தம் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அப்பா, இப்ப அந்த மோட்டர்ப் போர்டைக் கழட்டுவமா? கேமரா கொண்டு வந்திருக்கிறன்" என்றாள்.

"அது நான் வியாழக்கிழமையே கழட்டித் துப்புரவாக்கியாச்சு."

அவள் முகம் மாறினது. இந்தக் கொம்பனி மேசைகளில், மோட்டர்ப் பலகையைப் பூட்ட முதல், வயர் வேலை செய்த பெண்கள் அடியில் பென்சிலால் தங்கள் பெயரை எழுதிவிடுவது உண்டாம். சேகரிக்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதிலும் பலகை ஓரத்தில் இரண்டு எழுத்து டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்ததாம். மேசை உயிர் பெறுகிற அன்று இரண்டு பேருமாகச் சேர்ந்து திறந்து பார்ப்போம் என்று வைத்திருந்தாளாம். அவளுடைய எழுத்தின் கடைசி அத்தியாயம் அந்தப் பெயர்கள்தான்.

எனக்கு அவள் இதைச் சொல்லவில்லை. உள்ளே என்ன தேடுகிறாய் என்று நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கொஞ்சக் காலமாக இப்படித்தான்.

டோர்ச்சை உள்ளே அடித்தாள். வெளுத்த பலகை. மூலையில் அந்தோனியார்.

"எத்தனை பேர் இருந்தது, அப்பா? ஒரு பேர் எண்டாலும்?"

ஐம்பது வருடத்தில் அந்தப் பெயர்களை முழுதாகக் கண்ட ஒரே ஆள் நானாக இருக்கலாம். நான் அவற்றை வாசிக்கவில்லை. கிறுக்கல் என்று நினைத்தேன். "ஞாபகம் இல்லையடா" என்றேன். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "இட்ஸ் ஓகே, அப்பா" என்றாள். அது பழைய "பை அப்பா"வின் குரல். இவ்வளவு சனிக்கிழமையும் சேர்த்து நான் துடைத்துவிட்டேன் என்று விளங்கியது. பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

5

றெஜினா தேத்தண்ணியோடு வந்தாள். இரண்டு முகத்தையும் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை எழுத முடியாது. "காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுத் தாற அந்தோனியாரை அங்கயே ஒட்டியிருக்கிறியளே, அவர் என்ன செய்வார் பாவம்" என்றாள். தட்டத்தை வைத்துவிட்டுக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள்.

பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வயர்களை ஒன்றாகச் சேர்த்து, மெழுகு நூலால் விரலளவுக்கு ஒரு முடிச்சாகக் கட்டிக் கொண்டு போயிருந்தார்கள். பெரிய கட்டிலிருந்து சின்னக் கட்டுகள் பிரிந்து ரிலே என்கிற ஒவ்வொரு மின்சுவிட்சுக்கும் போகும். நான் மூன்று மாதம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஷெரின், இஞ்ச வெளிச்சத்தைப் பிடி" என்றாள் றெஜினா. "இது மூண்டு பேர் கட்டினது."

"வாட்?"

"பார், இந்த முடிச்சு எல்லாம் வலப்பக்கம் விழுந்து கிடக்கு. இதில இருந்து இடப்பக்கம் விழுது. இவ இடக்கைக்காரி. இஞ்ச வேற ஆள், பிரியிற இடத்தில எல்லாம் ஒரு முடிச்சு கூடப் போட்டிருக்கிறா, தேவையில்லை, ஆனா போடுறா. அவவுக்குப் பயம், அவிண்டு போயிடும் எண்டு." விரலால் தடவிக்கொண்டு உள்ளே போனாள். "இந்தப் பிள்ளை புதுசு. பார், நூல் வயருக்குள்ள புதைஞ்சு கிடக்கு. இறுக்கிப்போட்டு ஏச்சு வாங்கியிருப்பா. பிறகு இஞ்ச வரேக்க கை இளகீட்டுது. பழகீட்டா."

ஷெரின் டோர்ச்சைப் பிடித்தபடி தாயைத்தான் பார்த்தாள், வயரை அல்ல.

"அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உதுதானே என்ர வேலை. ஜேர்மனியில."

அங்கே பெரிய வேலைப் பலகை முழுக்க ஆணி அடித்திருக்கும் என்றாள். ஆணிகளுக்கு நடுவால் நிறம் நிறமாக வயரை ஓடவிட்டு, அந்தப் பலகையைச் சுற்றிச் சுற்றி நடந்து கட்ட வேண்டும். வாகனங்களுக்குப் போகிற கட்டுகள். பக்கத்தில் ஒரு துருக்கிப் பெண், எதிரே ஒரு குரொவேஷியப் பெண். ஒருத்தி கட்டினதை மற்றவள் தொட்டுப் பார்த்தாலே யாருடையது என்று தெரியும்.

அம்மா ஃபக்டரியில் வேலை செய்தவ என்று ஷெரினுக்குத் தெரியும். என்ன ஃபக்டரி என்று கேட்டதில்லை. அவளைச் சொல்லி என்ன? நாங்கள் இரண்டு பேரும் எதிர் எதிர் ஷிப்டில் ஓடினோம். நானே கேட்டதில்லை. அவளுடைய சுட்டுவிரலில் ஒரு வரித் தழும்பு இருக்கிறது. கறிக்கத்தி வெட்டினது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நூல் வெட்டினதாம். என்னோடு முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்துகிற மனுஷி, உலகத்தின் மற்றப் பக்கத்தில் ஐம்பது வருடத்துக்கு முன் மூன்று பெண்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று முடிச்சைப் பார்த்து வாசிக்கிறாள். மெஷினைப் பார்த்து வாயைப் பிளந்த நான், இவளைப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

குளிர்பெட்டிக் கதவில் ஜேர்மன் பென்சன் கந்தோர்க் கடிதம் ஒன்று காந்தத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. றெஜினாவின் கணக்கில் மூன்று வருடத்தைக் காணவில்லையாம், என்ன செய்தீர்கள், ஆதாரம் அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். ஃபக்டரி மூடி எவ்வளவோ காலம், நாங்கள் பதில் போடாமல் விட்டிருந்தோம். அன்றைக்குப் பின்னேரம் ஷெரின் அதைக் கழற்றித் தன் பைக்குள் வைத்தாள். "ஐ வில் ரைட் டு தெம்" என்றாள்.

6

அவள் எழுத்தின் கடைசி அத்தியாயத்தில் பெயர்கள் இல்லை. இடக்கைக்காரி, கூட ஒரு முடிச்சுப் போடுகிறவள், புதுப் பிள்ளை என்று மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களின் முடிச்சுப் படங்கள் இருக்கின்றன. வாசித்துச் சொன்னவர் என்று தாயின் பெயர் இருக்கிறது. பெயர்கள் எப்படி அழிந்தன என்பதும் ஒரு பந்தியில் இருக்கிறது. அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். நியாயமாகத்தான் எழுதியிருந்தாள்.

கண்காட்சிக்குக் கொண்டுபோவதற்கு முதல் நாள் காலை, மோட்டர்ப் பலகையை இன்னொரு தரம் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். மேசன் பென்சில் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"சைன் பண்ணுங்கோ, அப்பா."

"நானோ? அழிச்சவன் நான்."

"அதையும் எழுதுங்கோ. அதுவும் ஹிஸ்ட்ரிதானே."

முழங்காலில் நின்று, அந்தோனியாருக்குப் பக்கத்தில் எழுதினேன்: திருத்தியதும் துடைத்ததும் சேவியர், ஈஸ்ட் ஹாம். ஷெரின் அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பிறகு பென்சில் றெஜினாவிடம் போனது. அவள் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, யோசிக்காமல், 47 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, உதென்ன நம்பர்?"

"என்ர நம்பர். கட்டி முடிச்சாப் பிறகு துண்டில எழுதி உள்ள செருக வேணும். பிழை வந்தா ஆரெண்டு பிடிக்க."

"பேர்?"

"பேர் எழுத அங்க விடமாட்டினம், பிள்ளை."

"இது அங்க இல்லை, அம்மா" என்றாள் ஷெரின். தமிழில்தான் சொன்னாள்.

றெஜினா என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பக் குனிந்தாள். நாற்பத்தேழை வெட்டவில்லை. அதற்குப் பக்கத்தில் தன் பெயரையும் தகப்பனின் பெயரையும் முழுதாக, தமிழில், பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடியும் வரை ஷெரின் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடனே படம் எடுத்தாள், இரண்டு தரம் எடுத்தாள். என் கையிலிருந்த துணியை அவள் முதலிலேயே வாங்கித் தன் பைக்குள் வைத்துவிட்டாள்.